கப்பலில் நின்ற மஞ்சள் குஞ்சு

2017 செப்டெம்பர் கடைசியில், கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத் தேத்தண்ணிக் கடையொன்றில், போனில் வந்த படத்தைப் பார்த்து நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். பக்கத்து வாங்கிலிருந்த ஐயா எட்டிப் பார்த்தார். "உது என்ன தம்பி, கோழிக்குஞ்சோ?" அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தில் இருந்தது டுவீற்றி என்ற கார்ட்டூன் குஞ்சு. ஸ்பெயினிலிருந்து பிரிந்து போவதா என்று அதன் ஒரு பகுதியான கற்றலோனியா ஒக்டோபர் 1 இல் நடத்தவிருந்த சுதந்திர வாக்கெடுப்பைத் தடுக்க ஸ்பெயின் அரசு பொலிஸாரைக் குவித்தது. அவர்களில் ஒரு பகுதியினர் பார்சிலோனாத் துறைமுகத்தில் வாடகைக்கு எடுத்த பயணிகள் கப்பலில் தங்கினார்கள். அதன் பக்கவாட்டில் டுவீற்றி முதலிய கார்ட்டூன் பாத்திரங்கள் பென்னாம்பெரிதாக வரையப்பட்டிருந்தன. வெட்கப்பட்டுத் தறப்பாளால் மூடினார்கள். அதுதான் வினையாயிற்று. "டுவீற்றியை விடுதலை செய்" என்ற கோஷம் இணையமெங்கும் பரவியது.

நம் மூளை அடுத்து வருவதை எப்போதும் ஊகித்துக்கொண்டே இருக்கும். பொலிஸ் கப்பல் என்றதும் துப்பாக்கியையும் இறுகிய முகத்தையும் எதிர்பார்க்கிறோம். வந்து நிற்பதோ மஞ்சள் குஞ்சு. முதலில் ஒரு முடிச்சு விழுகிறது. "ஓ, வாடகைக் கப்பல்!" என்று அது அவிழும் கணத்தில் சிரிப்பு வருகிறது. உளவியலாளர் ஜெரி சல்ஸ் 1972 இல் விளக்கிய இரண்டு படிகள் இவைதான். 2003 இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கேலிச்சித்திரங்களைக் காட்டி மூளையை ஸ்கான் செய்தார்கள். வேடிக்கையான படங்களுக்கு, பரிசு கிடைத்தால் இயங்கும் அதே பகுதிகள் இயங்கின. டுவீற்றியை அறியாத ஐயாவுக்கு முடிச்சே விழவில்லை, பிறகு எதை அவிழ்ப்பது?

2014 இல், பிரித்தானியாவிலிருந்து பிரிவதா என்று வாக்கெடுப்பு நடந்த ஸ்கொட்லாந்திலும் இப்படித்தான். பிரிவினைக்கு எதிரான விளம்பரமொன்றில் ஒரு பெண் கோப்பையும் கையுமாகச் சமையலறையில் இருந்து யோசிப்பாள். பெண்களை மட்டம் தட்டுகிறது என்று பலர் கொதித்தார்கள். அவள் படத்தில் வசனத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பகிடி பரவியது. ஆனால் பகிடியில் வென்ற பிரிவினைப் பக்கம் வாக்கில் 45க்கு 55 வீதம் என்று தோற்றது.

அச்சுறுத்தும் ஒன்று அதே கணத்தில் ஆபத்தில்லாததாகவும் தெரிந்தால்தான் சிரிப்பு வரும் என்று 2010 இல் ஆய்வாளர்கள் பீற்றர் மக்ரோவும் கேலப் வோரனும் எழுதினார்கள். பின்னர் 2012 இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயல் பற்றிய பகிடிகளை ஆராய்ந்தபோது, புயல் அடித்ததும் அவை சுவையிழந்து, ஏறத்தாழ 36 நாளில் உச்சம் தொட்டு, மறுபடி மங்கியது தெரிந்தது. ஒக்டோபர் 1 இரவு, வாக்களிக்கப் போய் அடிவாங்கியவர்களின் படங்களைப் பார்த்தபின் எனக்கும் அந்தக் குஞ்சு சிரிப்பைத் தரவில்லை.

விசுவமடுவில் என் சித்தி, போரின்போது நாங்கள் பதுங்கிய பங்கர் பற்றிப் பல வருடங்கள் வாயே திறக்கவில்லை. இப்போது சொல்கிறார்: "உள்ளுக்கை நாங்கள் பத்துப்பேர், ஒரு பாம்பு. ஷெல்லுக்குப் பயந்து ஒருத்தரும் வெளியாலை போகேல்லை. கடைசியிலை இடம் காணாமல் பாம்புதான் வெளிக்கிட்டது." அந்தப் பங்கருக்குள் இருந்த நானும் அவரும் கண்ணில் நீர்வரச் சிரித்தோம். 2010 இல் பிறந்த அவரது மகள் எங்கள் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, அது ஆரையும் கடிச்சதோ?"