இனங்காட்டி ஆர்.என்.ஏ.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் அப்பம் சுடும் மாமி, முதல்நாள் மாலையே மாவில் கள்ளு விட்டுக் குழைத்துத் துணியால் மூடி வைத்துவிடுவார். விடியுமுன் துணியை நீக்கினால் மாவின் மேல் குமிழிகள் ஒவ்வொன்றாக மெல்ல உடைவதைப் பார்க்கலாம். "மா பொங்கிவிட்டது" என்பார் மாமி. பாடநூல் அதையே நொதித்தல் என்கிறது.

உயிர்க்கலங்களில் வேதிமாற்றங்களை விரைவாக்கும் புரதத்தைக் குறிக்கும் நொதியம் என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. தமிழகத்தில் அது நொதி. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் என்சைம் என்ற சொல்லும் அடுப்படியிலிருந்து வந்ததுதான். 1877 இல் ஜேர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே, 'புளித்த மாவினுள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதை உருவாக்கினார். இரு மொழிகளும் ஒரே சட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கின்றன.

இப்படிப் பொருந்தி வரும் சொற்களிடையே எனக்கு உறுத்துவது, ஒரு வகை நொதியம் ஏந்தும் ஆர்.என்.ஏ.யை (மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூற்று இழையை) 'வழிகாட்டி ஆர்.என்.ஏ.' என்று அழைக்கும் வழக்கு. பக்டீரியா, தன்னைத் தாக்கிய வைரஸின் மரபெழுத்துகளில் ஒரு துண்டைச் சேமித்து வைக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெயர் கிரிஸ்பர். அத்துண்டின் ஆர்.என்.ஏ. படியைக் காஸ் என்னும் வெட்டும் நொதியம் ஏந்திக்கொள்கிறது. அந்தப் படியைத்தான் வழிகாட்டி என்கிறார்கள். ஆனால் அது நொதியத்தை எங்கும் அழைத்துச் செல்வதில்லை. நொதியம் திரவத்தில் அலைந்து முட்டி மோதுகிறது. எழுத்துகள் பொருந்திய இடத்தில் பற்றிக்கொண்டு வெட்டுகிறது. கோணேசர் கோயில் திருவிழாக் கூட்டத்தில், கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு முகம் முகமாக ஒப்பிட்டுத் தேடுவது போன்றது இது. இதற்கு வழிகாட்டல் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

எங்களிடம் நாள்தோறும் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: இனங்காணல். மாரி தொடங்கினால் 'டெங்கு நோயாளர்கள் இனங்காணப்பட்டனர்' என்ற செய்தியைப் படிக்காதவர் திருகோணமலையில் இல்லை. ஆகவே இனங்காட்டி ஆர்.என்.ஏ. என்போம், அதை ஏந்துவது ஆர்.என்.ஏ. கொண்டு இனங்காணும் நொதியம்.

நோயறி பரிசோதனையில் இச்சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. காஸ் நொதியங்களில் பல வகைகள் உண்டு. அவற்றுள் காஸ்9 தன் இலக்கை மட்டும் வெட்டும். காஸ்13 அப்படியல்ல, இலக்கு ஆர்.என்.ஏ.யை இனங்கண்டதும் அருகிலுள்ள மற்ற ஆர்.என்.ஏ. இழைகளையும் வெட்டத் தொடங்கிவிடும். ஆய்வாளர்கள் இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு முனையில் ஒளிரும் சாயமும் மறுமுனையில் அந்த ஒளியை அடக்கும் பொருளும் கொண்ட குறு இழைகளைக் கலந்து வைத்தார்கள். இழை வெட்டுப்பட்டால் ஒளி தெரியும். மாதிரியிலுள்ள மரபுப்பொருளை முதலில் பெருக்கிவிட்டு, சிகா வைரஸையும் டெங்கு வைரஸையும் இம்முறையால் பிரித்தறிய முடியும் என்று 2017 இல் காட்டினார்கள். வேறொரு நோய்க்கு மாற வேண்டுமானால் நொதியத்தை மாற்றத் தேவையில்லை. இனங்காட்டியின் எழுத்துகளை மாற்றினால் போதும்.

அருகிலுள்ளவற்றையும் வெட்டும் அந்தச் செயலுக்கு 'அயல்வெட்டு' என்று எழுதி வருகிறேன்.