மொட்டை மாடி சோலார்: 78,000 ரூபாய் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

2022-க்குள் கட்டடக் கூரைகளில் 40 ஜிகாவாட் சோலார் என்று மத்திய அரசு வைத்த இலக்கில் கால்வாசிகூட நிறைவேறவில்லை. அதற்குப் பின் 2024 பிப்ரவரியில், வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தர வந்ததுதான் 'பி.எம். சூர்ய கர்: முஃப்த் பிஜ்லி' (இலவச மின்சாரம்) திட்டம். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடுகள், காலம் 2026-27 நிதியாண்டு வரை. பெயரில் 'இலவச மின்சாரம்' இருப்பதால் பேனலே இலவசம் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். இலவசமாக மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு தருவது மானியம் மட்டுமே.

முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக அதிகபட்சம் 78,000. ஐந்து கிலோவாட் போட்டாலும் இதே 78,000தான். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

எத்தனை கிலோவாட் போடுவது என்பதில்தான் நம்மூரில் அதிகம் தப்பு நடக்கிறது. திட்டத்தின் பரிந்துரை மாதக் கணக்கு: மாதம் 150 யூனிட் வரை செலவழித்தால் 1 முதல் 2 கிலோவாட், 150 முதல் 300 வரை 2 முதல் 3 கிலோவாட். தமிழ்நாட்டில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பில்லில் 400 யூனிட் என்று இருப்பதைப் பார்த்து 3 கிலோவாட்டுக்கு மேல் போட்டுவிடுகிறார்கள். அதைப் பாதியாக்கி 200 என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் 60 நாளில் 480 யூனிட். அந்த வீட்டுக்கு அதுவே தாராளம். இரு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதால் சின்ன பில் கட்டும் வீட்டுக்கு லாபம் மெதுவாகத்தான் வரும். இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. சோலார் நன்றாகக் கைகொடுப்பது அவர்களுக்குத்தான்.

இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி. காலை 9 முதல் பிற்பகல் 3 வரை நிழல் விழாத இடமாக இருக்க வேண்டும். பேனல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றின் மேல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கும்.

விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில்தான். மின் இணைப்பு எண், மொபைல் எண் கொடுத்துப் பதிய வேண்டும். இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். 10 கிலோவாட் வரை, அந்த இணைப்பில் சோலார் சேர்க்க முடியுமா என்று மின்வாரியம் பார்க்கும் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். பிறகு தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் இரண்டு மூன்றிடம் விலை கேளுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர் மாட்டினால் மானியம் வராது. 3 கிலோவாட் வரை பிணையில்லாத வங்கிக் கடன் உண்டு. வட்டி, ரெப்போ விகிதத்தைவிட (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) சுமார் அரை சதவீதம் கூடுதல்.

விலைப்பட்டியலில் ஒரு வரியைக் கட்டாயம் தேடுங்கள்: 'டி.சி.ஆர்.' பேனல். அதாவது உள்நாட்டுத் தயாரிப்பு: பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இங்கே கோத்து, செல் வெளிநாட்டிலிருந்து வந்த பேனல் விலை குறைவு. ஆனால் ஒரு ரூபாய் மானியம் கிடைக்காது. பேனலின் வரிசை எண்களைத் தளத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால் இதை மறைக்கவும் முடியாது. ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டி முடிந்ததும் மின்வாரியம் வந்து பார்த்து, போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும் நெட் மீட்டரைப் பொருத்தும். அது பொருத்தும் முன் சோலாரை ஓட்டினால் சில மீட்டர்கள் வெளியே போன யூனிட்டையும் நீங்கள் வாங்கியதாகவே பதியும், பில் கூடிவிடும்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். அது பழுதல்ல. மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குள் போனால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து என்பதால் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

சோலார் ஓடத் தொடங்கியதை உறுதிசெய்யும் இயக்கச் சான்றிதழ் வந்த பிறகு வங்கி விவரம் கொடுத்தால் மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் நீங்களோ கடன் கொடுத்த வங்கியோ கட்டியிருக்க வேண்டும். பில்லில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர் என்றிருந்தால் பணம் இந்தக் கடைசிப் படியில் வந்து மாட்டிக்கொள்ளும். பதியும்போதே இரண்டையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.