தண்ணீர் பாட்டில் ஏன் நிரம்பியே திரும்பி வருகிறது?

மாசி பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் உள்ள என் கிளினிக்குக்கு ஒரே மாதிரிப் புகார்களோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, குளிர்காய்ச்சல், தலை கிறுகிறுப்பு. பெரும்பாலும் பெண்கள். வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு என்று ஊர் மாறும். வேலை மட்டும் மாறாது. உப்பளம்.

ஒருநாள் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அக்கா அளத்திலிருந்து நேராக வந்தார். கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மடியில் ஈரச் சாக்கு சுற்றிய 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில். விடியற்காலை 3 மணிக்கு வேலைக்குப் போனவர், என்னிடம் வரும்போது மணி பதினொன்றரை. பாட்டிலில் தண்ணீர் கழுத்துக்குச் சற்றுக் கீழே நின்றது.

"ஏன்க்கா, குடிக்கவே இல்லையா?"

"குடிச்சா ஒதுங்கணும்லா டாக்டரம்மா. அந்தப் பொட்டல்ல எங்கன போயி ஒதுங்க?"

'நிறையத் தண்ணீர் குடிங்க' என்று வருடக்கணக்காகச் சீட்டில் எழுதிக் கொடுத்துவந்தவள் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அங்கே தண்ணீர் இருக்கிறது, தாகமும் இருக்கிறது. இல்லாதது ஒரு மறைவு.

கடற்கரை ஊர்தானே, காற்று வீசுமே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து கீழே விழும். உடம்பின் நீரும் உப்பும் போகும், சூடு போகாது. அதனால்தான் நம் ஊர் 36 டிகிரி, சில சமயம் உள்மாவட்டத்து 40 டிகிரியை விட மோசம். போதாததற்கு உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. பாத்தியும் உப்பு அம்பாரமும் கண்ணாடி மாதிரி கீழிருந்து திருப்பி அடிக்கும். தலையில் துண்டு கட்டியவர்களுக்கும் கண்ணில் சதை வளர்வதற்கு இந்த வெளிச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கறுப்புக் கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்று சொல்பவர்களிடம், செய்யட்டும் என்றுதான் சொல்வேன்.

சிறுநீரகத்துக்கு வருவோம். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. சிறுநீர் கெட்டியாகிக் கல் உருவாக வழி பிறக்கிறது. மணிக்கணக்கில் அடக்கி வைத்தால் கிருமிகள் பெருக நாமே நேரம் கொடுத்த மாதிரி. இத்தோடு நின்றாலும் பரவாயில்லை. சாயங்காலம் இடுப்பு வலிக்கிறதே என்று மெடிக்கலில் போய் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள், நீர் வற்றிய நிலையில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையே அடைத்துவிடும். ஒருநாள் என்றால் பெரும்பாலும் தாங்கும். சீசன் முழுக்க என்றால்? ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடி வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த மாத்திரைக் கணக்கைத்தான்.

இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. ஐப்பசியிலிருந்து மழைக்காலம் முடியும்வரை அளத்தில் வேலை இருக்காது. வெயிலுக்குப் பழகிய உடம்பு சில வாரங்களில் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். மீண்டும் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். வேலை தொடங்கிய முதல் நாளே முழுச் சுமை தூக்குவதுதான் ஆபத்து. கங்காணிகள் இதைப் படித்தால், முதல் வாரம் பாதி வேலை கொடுத்துப் பாருங்கள்.

சரி, என்ன குடிக்கலாம்? தாகம் வரும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். உப்புப் போட்ட நீராகாரம் அருமையானது. கிடைக்கும் காலத்தில் பதநீரும் நல்லதுதான்; சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் நீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

யாராவது உளறினாலோ தள்ளாடி விழுந்தாலோ ஆட்டோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்கு ஒருவர் போன் செய்யும்போதே இன்னொருவர் அவரை நிழலுக்குத் தூக்கிப்போய், தண்ணீரை மேலே ஊற்றி, விசிற வேண்டும். 'வியர்க்கிறதே, அப்போ ஒன்றுமில்லை' என்பது தப்பு. வேலை செய்யும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மழைக்கால நிவாரணமாக உப்பளக் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது. வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் ஒரு தகரக் கழிப்பறைக்கு ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த அக்கா போன மாதம் திரும்ப வந்தார், கொஞ்சம் கருப்பட்டியோடு. அவர்கள் அளத்தில் உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டுக்குப் பக்கத்தில் கழிப்பறை ஒன்று வைத்துவிட்டார்களாம். இப்போது பாட்டிலில் பாதி காலியாகிறது என்றார். மீதிப் பாதி? கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லையாம். கூட யாராவது காவலுக்கு வந்தால்தான் போக முடிகிறது.