உடன்புதை பொருள்: சொல் விளக்கம்

இறந்தவரோடு சேர்ந்து குழிக்குள் போன பொருட்களை ஆங்கிலத்தில் 'கிரேவ் குட்ஸ்' என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் இதைப் 'படையல் பொருட்கள்' என்றோ 'கல்லறைப் பொருட்கள்' என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 10ஆம் நூற்றாண்டு ஹங்கேரியப் புதைகுழிகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு சொல்லுமே தவறான படத்தைக் காட்டுகின்றன. நான் பரிந்துரைக்கும் சொல் 'உடன்புதை பொருள்'.

முதலில் ஹங்கேரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். அவர்கள் சொல் 'ஷீர்மெல்லேக்லெட்'. 'ஷீர்' என்றால் புதைகுழி. 'மெல்லேக்லெட்' என்றால் கூட வைத்து அனுப்பும் இணைப்பு. கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் தாளுக்கும் இதே சொல்தான். அதன் வேர் 'மெல்', அதாவது மார்பு. மார்பை ஒட்டி இருப்பது பக்கத்தில் இருப்பது என்று பொருள் விரிந்திருக்கிறது. ஜெர்மன் மொழியின் 'கிராப்பைகாபெ' என்பதும் குழியில் கூடச் சேர்த்துக் கொடுத்தது என்றே பொருள்படும். இரண்டிலும் 'உடன்' என்ற கருத்து இருக்கிறது. 'கல்லறைப் பொருள்' என்பதில் அது இல்லை. அதோடு, ஹங்கேரியச் சமவெளியில் இருப்பவை மண்ணில் வெட்டிய எளிய குழிகள். அங்கே கல்லும் இல்லை, அறையும் இல்லை.

அந்தக் குழிகளில் கிடைத்தவற்றைப் பார்த்தால் 'படையல்' ஏன் பொருந்தாது என்பது புரியும். ஹங்கேரியர்களின் முன்னோரான மாகியர்கள் இன்றைய ஹங்கேரி இருக்கும் கார்ப்பாத்தியன் வடிநிலத்துக்குள் வந்தது 895ஐ ஒட்டி. அந்தத் தலைமுறைகளின் குழி என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1834இல், பெனெபுஸ்தா என்ற இடத்தில். எலும்போடு வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. அவற்றில் வட இத்தாலியை ஆண்ட முதலாம் பெரெங்காரின் காசுகள் இருந்தன. பெரெங்கார் 924இல் இறந்தவர். மாகியர் குதிரைப்படை இத்தாலிக்குள் புகுந்து கொள்ளையடித்ததும் அதே காலம்தான். மிக்லோஷ் யான்கோவிச் என்ற சேகரிப்பாளர் இந்தத் தொடர்பைப் பிடித்து மறு ஆண்டே எழுதினார். குழியின் காலத்தைக் காசு சொல்லிவிட்டது.

அப்புறம் வரிசையாகக் கிடைத்தன. 1868இல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் கல்கோட்ஸில் இடுப்புப் பையின் வெள்ளி முகத்தகடு ஒன்று கிடைத்தது. 1896இல் திஸாபெஸ்தேதில் இன்னொரு தகடு. அதில் இலைக்கொடி வேலைப்பாட்டின் நடுவே ஒரு சிலுவையும் இருக்கிறது. நாடு கிறிஸ்தவத்துக்கு மாறுவதற்கு முன்பே வந்த சிலுவை அது. ரக்கமஸில் பெண்கள் சடையில் தொங்கவிட்ட வட்டத் தகடுகளில் பெரிய வேட்டைப்பறவை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. வடகிழக்கே கரோஷில் 1980களின் பின்பாதியில் லாஸ்லோ ரேவேஸ் தோண்டிய தலைவன் குழியில் வாள், வில்லுறை, இடுப்புப் பை எல்லாம் வெள்ளி வேலையோடு இருந்தன.

இவற்றில் பெரும்பாலானவை யாரும் படைத்தவை அல்ல. கச்சை இடுப்பில் கட்டியிருந்தது. சடைத்தகடு சடையில் இருந்தது. உயிரோடு இருந்தபோது உடுத்திய உடையிலேயே புதைத்திருக்கிறார்கள். ஹங்கேரிய ஆய்வாளர்கள் இதை 'விஷெலெட்', அதாவது உடை அணி என்று தனியாகப் பிரிக்கிறார்கள். நாமும் 'அணிந்தவை', 'வைத்தவை' என்று பிரித்துச் சொல்வது நல்லது. வாளும் சேணமும் உணவுப் பானையும் வைத்தவை.

குதிரை இன்னொரு வகை. மாகியர்கள் பெரும்பாலும் முழுக் குதிரையைப் புதைக்கவில்லை. தோலை உரித்து, தலையையும் கால்களின் கீழ்ப்பகுதியையும் அதிலேயே விட்டு, அந்தத் தோலை மடித்துக் காலடியிலோ பக்கத்திலோ வைத்தார்கள். அதனால் தோண்டும்போது மண்டையோடும் கால் எலும்புகளும் மட்டும் வருகின்றன. இறைச்சி சாவு விருந்துக்குப் போயிருக்க வேண்டும். அவர்களுக்கு முன்னால் அதே நிலத்தில் இருந்த அவார்கள் குதிரையை முழுசாகவே இறக்கினார்கள். இரண்டுக்கும் 'குதிரைப் புதைப்பு' என்று ஒரே பெயர் வைத்தால் இரண்டு மக்களின் வழக்கமும் குழம்பிவிடும். மாகியர் வழக்கத்தைக் 'குதிரைத்தோல் புதைப்பு' எனலாம்.

'ஈமப்பொருள்' என்ற சொல்லையும் சிலர் ஆளுகிறார்கள். அழகான பழஞ்சொல். ஆனால் ஈமம் என்றால் பிணத்தை எரிக்கும் விறகடுக்கு. அதியமான் உடல் எரிவதைப் பாடும் ஔவை 'ஈம ஒள்ளழல்' என்கிறாள். பின்னாளில் தொல்லியலார் 'ஈமச்சின்னம்' என்று எழுதி அதைப் புதைப்புக்கும் விரித்துவிட்டார்கள். அந்த விரிவை ஏற்பதில் எனக்குத் தடையில்லை, ஆனால் ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்கிவைப்பேன். திஸாஎஸ்லார் பஷஹலோம் குழியில் முகத்தின் மேல் போர்த்திய துணியில் கண்ணுக்கு நேராகவும் வாய்க்கு நேராகவும் மெல்லிய தகடுகள் தைக்கப்பட்டிருந்தன. ரஷ்யாவில் வோல்கா ஆற்றுப் பக்கத்துப் பொல்ஷியே திகானியிலும் இதே போன்ற வழக்கத்துக்குச் சான்று உண்டு. மாகியர் வந்த வழியைத் தேடுகிறவர்களுக்கு அது பெரிய துணை. இவை பிணத்துக்கென்றே செய்தவை. இவற்றை 'ஈமப்பொருள்' என்றால் சரியாக உட்காரும்.

11ஆம் நூற்றாண்டில், ஹங்கேரியின் முதல் அரசரான முதலாம் இஷ்த்வான் முடிசூடிய பிறகு, பொருட்கள் குறைகின்றன. ஆயுதமும் குதிரையும் போய்விட, நுனி 'எஸ்' எழுத்தைப் போல வளைந்த சிறு முடிவளையமும் சிலர் வாயில் ஒரு காசும் மிஞ்சுகின்றன. நம் வாய்க்கரிசியைப் பார்த்து அதை 'வாய்க்காசு' எனலாம். அந்த வளையம் இருந்தாலே ஸ்லாவியர் குழி என்று ஆய்வாளர்கள் நெடுநாள் எழுதிவந்தார்கள். 1962இல் பேலா ஸோகே, இவை மாகியப் பொதுமக்களின் குழிகளும்தான் என்று காட்டினார். அதுவரை மாகியர் என்றாலே வாளும் வெள்ளியும் உள்ளவர் என்ற நினைப்பு இருந்தது.

ஹங்கேரியின் லாஸ்லோ அரசர் 1092இல் ஸபோல்ச்சில் கூட்டிய திருச்சபை மன்றம், இறந்தவரைத் தேவாலயத்தருகே புதைக்காதவர்களுக்குத் தண்டனை விதித்தது. அதற்குப்பின் வந்த கால்மான் அரசரின் சட்டமும் கிறிஸ்தவப் புதைப்பு தேவாலய வளாகத்தில்தான் என்றது. வயல்வெளி வரிசைக் குழிகள் மெல்ல நின்றுபோயின.

உடன்புதை பொருளை வைத்து ஆளை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு ஷாரேதுத்வரி ஹீஸோஃபால்த் என்ற இடத்தின் 63ஆம் குழி நல்ல சான்று. அதில் அம்புமுனை, அம்பறாத்தூணியின் இரும்புப் பாகங்கள், வில்லின் கொம்புத் தகடு இவற்றோடு முடிவளையமும் மணிகளும் இருந்தன. 2024இல் வெளியான மரபணு ஆய்வு அது ஒரு பெண்ணின் எலும்பு என்றது. அவர் போர் செய்தவரா என்பதை அந்த ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுதும்போது 'ஆயுதங்களோடு புதைக்கப்பட்ட பெண்' என்று எழுதலாம், 'வீராங்கனை' என்று எழுதக் கூடாது.