நிகழ்நேரம்: ரியல் டைமில் இருக்கும் ‘ரியல்’ எது?

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டைக்கு சென்சார் விற்க வருகிறவர் முதல் மின்வாரியச் செய்திக்குறிப்பு வரை எல்லா இடத்திலும் அடிபடும் சொல் ‘ரியல் டைம்’. உடனுக்குடன், லைவ், ஆன்லைன் என்று எதை வேண்டுமானாலும் அதற்குள் திணித்துவிடுகிறார்கள். தமிழில் இதற்கு நிகழ்நேரம் என்ற சொல் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. சொல் நல்ல சொல்தான். பொருளில்தான் ஆளுக்கு ஆள் கணக்கு வேறாக இருக்கிறது.

‘ரியல்’ என்பதன் வேர், ‘பொருள்’ எனப் பொருள்படும் ‘ரேஸ்’ என்ற லத்தீன் சொல். ஆனால் கணிப்பொறிக்காரர்கள் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தபோது அவர்கள் மனத்தில் இருந்தது மெய்யா பொய்யா என்ற கேள்வி இல்லை. எண்களுக்குப் பதில் மின்னழுத்தம் போன்ற அளவுகளைக் கொண்டே கணக்கிட்ட அனலாக் கணிப்பொறிகளின் காலத்தில் ஓர் இயற்பியல் நிகழ்வைச் சமன்பாடாக்கி, அதன் கால அளவை விருப்பம்போல் மாற்றலாம். பத்து விநாடி நடக்கும் ஒன்றை நூறு விநாடியாக இழுத்து நிதானமாகப் பார்க்கலாம். ஒரு விநாடியாகச் சுருக்கியும் பார்க்கலாம். இழுக்காமல் சுருக்காமல், நிகழ்வு நடக்கும் அதே கால அளவில் கணிப்பும் ஓடினால் அது ரியல் டைம். நிகழ்வுக்கே உரிய காலம் என்பதுதான் அங்கே ‘ரியல்’.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கக் கடற்படை, விமானிகளுக்குப் பயிற்சி தர ஒரு பறத்தல் பாவனைப் பொறி வேண்டுமென்று அந்நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை (எம்ஐடி) கேட்டது. ஜே ஃபாரஸ்டர் தலைமையில் வேலை தொடங்கியது. விமானி கைப்பிடியைத் திருப்பினால் அந்தக் கணமே பொறி அசைய வேண்டும். சற்றுப் பொறுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றால் அது பறப்பதாகவே இருக்காது. முதலில் யோசித்த அனலாக் பொறியில் துல்லியமும் நெகிழ்வும் போதவில்லை என்று கண்டு டிஜிட்டல் கணிப்பொறிக்கு மாறினார்கள். 1951இல் வேர்ல்விண்ட் என்ற அந்தக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. மற்ற கணிப்பொறிகளிடம் வேலையைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது. பின்னாளில் இதே வழியில்தான் அமெரிக்காவின் சேஜ் வான்காப்பு வலையமைப்பு வந்தது.

இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ‘கெடு’ என்ற ஒன்றைத்தான். கன்னடக்காரர்களும் இதற்கு ஒலியில் நெருங்கிய ‘கடுவு’ என்ற சொல்லைப் புழங்குகிறார்கள் என்பதால் பெங்களூரில் இதைப் புரியவைப்பது சுலபம். விடை சரியாக இருந்தால் போதாது, கெடுவுக்குள் வர வேண்டும். தாமதமான சரியான விடையும் தவறான விடையே. கெடு மில்லி விநாடியாக இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது கருவியின் வேகம் அன்று, கண்காணிக்கப்படும் பொருள்.

கெடுவிலும் இரண்டு வகை உண்டு. கார் மோதினால் காற்றுப்பை, தொல்காப்பியர் ஒரு மாத்திரைக்கு அளவாகச் சொன்ன கண்ணிமை நேரம் முடிவதற்குள் விரிந்தாக வேண்டும். தவறினால் ஆள் போச்சு. இது கண்டிப்பான நிகழ்நேரம். வீடியோ அழைப்பில் முகம் ஒரு கணம் உறைந்து நின்றால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். இது தளர்வான நிகழ்நேரம். ஆங்கிலத்தின் ‘ஹார்டு’, ‘சாஃப்ட்’ இரண்டையும் கடின நிகழ்நேரம், மென் நிகழ்நேரம் என்று பெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கடினம் என்றால் செய்வதற்குச் சிரமம் என்றுதான் தமிழ்க் காது கேட்கும்.

பீனியாவுக்கே வருவோம். சேலத்திலிருந்து வந்து பல வருடமாக சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஓட்டும் ஒருவரிடம் புதிதாக மாட்டியிருந்த திரையைப் பற்றிக் கேட்டேன். “டூல் உடைஞ்சா ஸ்கிரீன் சொல்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா சார்? சத்தம் மாறும், கை தானா எமர்ஜென்சி பட்டனுக்குப் போயிடும்” என்றார். அந்தத் திரை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. ரியல் டைம் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். டூல் உடைவதைப் பொறுத்தவரை நிமிடம் என்பது ஒரு யுகம். ஸ்பிண்டிலின் சுமை சட்டென்று எகிறுவதை இயந்திரத்தின் கன்ட்ரோலரே மில்லி விநாடிக் கணக்கில் பிடித்து நிறுத்தினால்தான் உண்டு. அதே லேத்தின் பேரிங் தேய்வதோ வாரக்கணக்கில் நடப்பது. அதன் அதிர்வை மணிக்கு ஒருமுறை அளந்தாலே தாராளம். ஆக ஒரே திரை, ஒன்றுக்கு நிகழ்நேரம், இன்னொன்றுக்குப் பழங்கதை. இதைப் பிரிக்காமல் எல்லாத் தரவையும் விநாடிக்கு விநாடி சேர்த்துக் குவிப்பதில் நன்மை அடைவது சர்வர் வாடகை வாங்குகிறவர் மட்டுமே.

வெவ்வேறு அளவுள்ள மூன்று கெடுக்கள் ஒரே வேலையில் கலந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் பெங்களூர் ரேஸ் கோர்ஸ் பக்கம் போக வேண்டும். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றின் மின்தொகுப்பை மேற்பார்க்கும் தென் மண்டல மின்சுமைப் பகிர்வு மையம் அங்கேதான் இருக்கிறது. ‘லோட் டெஸ்பாட்ச்’ என்று சொன்னால்தான் துறைக்காரர்களுக்கே புரியும். மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்; 49.90க்கும் 50.05க்கும் இடையில் நிற்க வேண்டும். தேவை கூடி உற்பத்தி குறைந்தால் எண் இறங்கும். காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று விழுந்தாலும் இந்த எண்தான் கோள் சொல்லும். அபாய அளவுக்குச் சரிந்தால் யாரையும் கேட்காமல் ரிலேக்கள் என்ற தானியங்கிக் காப்புக் கருவிகள் சில பகுதிகளின் இணைப்பைத் துண்டித்துவிடும். அவற்றின் கெடு விநாடிக்கும் குறைவு. ஸ்காடா என்ற தொலைக் கண்காணிப்பு அமைப்பின் திரையில் சில விநாடிகளுக்கு ஒருமுறை வரும் எண்களைப் பார்த்து மனிதர்கள் தொலைபேசியை எடுப்பது அடுத்த அடுக்கு. மூன்றாவது அடுக்குதான் வேடிக்கை. 2020 ஜூன் 1 முதல் இந்திய மின் சந்தையில் ‘ரியல் டைம் மார்க்கெட்’ நடக்கிறது. அரை மணிக்கு ஓர் ஏலம், ஒரு நாளில் 48. வாங்கிய மின்சாரம் வருவதோ ஏலம் முடிந்து சுமார் ஒரு மணி நேரம் கழித்து! முந்தின நாளே வாங்கிவைக்கும் சந்தையோடு ஒப்பிட்டால் அது நிகழ்நேரம்தான், தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை ரிலேக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

விண்வெளியில் ஒளியின் வேகமும் குறுக்கே வந்து நிற்கிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோது இஸ்ரோவின் விண்கலத் தொடர்பு மையமான பெங்களூர் இஸ்ட்ராக்கில் திட்ட இயக்குநரான விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேலும் அவரது குழுவும் பார்த்த ஒவ்வோர் எண்ணும் சுமார் 1.3 விநாடி பழையது. அவர்கள் பதில் அனுப்பினாலும் அது போய்ச் சேர இன்னொரு 1.3 விநாடி. அதனால் கடைசிக் கட்ட முடிவுகள் எல்லாவற்றையும் லேண்டரிடமே விட்டிருந்தார்கள். உயரம், வேகம், பாறை இருக்கிறதா என்பதையெல்லாம் அதுவே அளந்து அதுவே எஞ்சினைக் கூட்டிக் குறைத்து 6.04க்கு இறங்கியது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது சமிக்ஞை வந்துசேரவே பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. எஞ்சின் எரியத் தொடங்கிய செய்தி பூமிக்கு வருமுன் பாதி வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். இந்த இடத்தில் கண்காணிப்பு வேறு, கட்டுப்பாடு வேறு என்று பிரித்துச் சொல்வதுதான் துல்லியம்.

சரி, தமிழ்ச் சொல். கன்னடத்தில் ‘நைஜ சமய’, தெலுங்கில் ‘நிஜ சமயம்’, இந்தியில் ‘வாஸ்தவிக் சமய்’ என்று அக்கம்பக்கத்தார் ‘ரியல்’ஐ அப்படியே பெயர்த்துவிட்டார்கள். தமிழிலும் மெய்நேரம் என்று சிலர் எழுதிப் பார்த்தார்கள். மெய்நேரம் என்றால் மற்றது பொய்நேரமா என்று கேட்கத் தோன்றும். போதாததற்கு ‘விர்ச்சுவல்’ என்பதற்கான மெய்நிகர் என்ற சொல் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மலையாளிகளின் ‘தத்சமயம்’ பரவாயில்லை. நிகழ்நேரம் பொருளைப் பிடித்த சொல். நிகழ்வின் நேரம் என்றே விரிக்கலாம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று வினைக்கு முக்காலம் சொன்ன தொல்காப்பியம் வரை போகிறது அதன் வேர். நன்னூலார் ‘ஆநின்று, கின்று, கிறு’ என்ற இடைநிலைகளைச் சொல்லுமிடத்தில் ‘நிகழ்பொழுது’ என்கிறார். அதையே எடுத்திருக்கலாமே என்று எனக்கு ஒரு சபலம் உண்டு. ஆனால் புழக்கத்துக்கு வந்த சொல்லைக் கலைப்பது நல்லதில்லை.

நேரலை வேறு. அது ஒளிபரப்பின் சொல். பதிவு செய்து பிறகு காட்டாதது என்று மட்டுமே அதற்குப் பொருள். சின்னசாமி மைதானத்தில் விக்கெட் விழுந்த ஆரவாரம் பக்கத்துக் கப்பன் பார்க்கில் நிற்பவர் காதில் விழுந்த பிறகுதான் அவர் கைபேசியில் பந்துவீச்சாளர் ஓடியே வருவார். அது நேரலை, ஆனால் சுணக்கத்தோடு.

துணைச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘டேட்டா’ லத்தீனில் ‘தரப்பட்டவை’; தமிழில் தரவும் ‘தரு’ என்பதிலிருந்து வந்ததே. நிகழ்நேரத் தரவு, நிகழ்நேரக் கண்காணிப்பு என்று ஒற்று மிகும். நிகழ்நேர முடிவு, நிகழ்நேர இயங்குதளம் என்பவற்றில் மிகாது. பேச்சில் ‘லைவ் டேட்டா’ என்பதை விரட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தத்திலோ கையேட்டிலோ எழுதும்போது மட்டும் நிகழ்நேரம் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை விநாடிக்குள் என்ற எண்ணையும் பக்கத்தில் போட்டுவிடுவது பின்னால் சண்டையைத் தவிர்க்கும்.

நிகழ்நேரம் என்று எழுதவே கூடாத இடமும் உண்டு. காற்றுத் தரக் குறியீடு அப்படி ஒன்று. அளவி அடிக்கடி புது எண்ணைத் தந்தாலும், நுண்துகள்களுக்கான இந்தியக் குறியீடு 24 மணிநேரச் சராசரியில் கணக்கிடப்படுவது. தீபாவளி இரவில் தெருவெல்லாம் புகை மண்டியிருக்கும்போது எண் மெதுவாகத்தான் ஏறும். மறுநாள் புகை கலைந்த பிறகும் இறங்க மறுக்கும். செய்தியில் அந்த எண்ணைப் போடும்போது ‘கடந்த 24 மணிநேரச் சராசரி’ என்று எழுதினால் சரியாக இருக்கும்.