கியர் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் ஐட்லிங்கைப் பாருங்கள்

டெக்சாஸில் துப்பாக்கியால் வெள்ளைவால் மானை வேட்டையாடும் பொதுப் பருவம் நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்களில், கோடை முழுவதும் பண்ணைக் கொட்டகையில் கிடந்த சைடு பை சைடு வண்டிகள் (இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து காடு மேட்டில் ஓட்டும் சிறு நான்கு சக்கர வண்டிகள்) வரிசையாகப் பட்டறைக்கு வந்து சேரும். புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான்: கியர் விழவில்லை, விழுந்தால் பல் அரைபடும் சத்தம் கேட்கிறது, விழுந்த கியர் நியூட்ரலுக்குத் திரும்ப மறுக்கிறது. கடைசியாக வந்த வண்டியின் உரிமையாளர், யாரோ சொன்னதைக் கேட்டுப் பழைய கியர் பாக்ஸ் ஒன்றை விலைக்கு வாங்கி மாற்றிய பிறகும் அதே சத்தம் வந்ததால் வண்டியை எடுத்து வந்திருந்தார். கழற்றிய கியர் பாக்ஸ் ட்ரெய்லரிலேயே கிடந்தது. திறந்து பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. இப்படி வீணாகும் பணத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

கியர் அரைபட்டால் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுவதே முதல் தவறு. போலாரிஸ் ரேஞ்சர் போன்ற பெல்ட் வண்டிகளில் காலால் மிதிக்கும் கிளட்ச் கிடையாது; எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரித்து வைப்பது பெல்ட் மட்டுமே. எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடும்போது முன் கிளட்சின் (எஞ்சின் பக்கம் பெல்ட் ஓடும் சக்கரத்தின்) இரு தட்டுகளும் விலகி நிற்பதால் பெல்ட் பிடிமானமின்றித் தளர்ந்து கிடக்கும், கியர் பாக்ஸின் உள்தண்டும் சுற்றாமல் நிற்கும். மாடலுக்கு மாடல் மாறினாலும், ஐட்லிங் பெரும்பாலும் 1,100 முதல் 1,300 ஆர்பிஎம் வரை இருக்க வேண்டும். அது 1,500, 1,600 என்று ஏறிவிட்டால், வண்டி நகராவிட்டாலும், தட்டுகள் பெல்ட்டை மெல்லக் கவ்வத் தொடங்கிவிடும். உள்தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்போது நீங்கள் லிவரைத் தள்ளினால் பல் அரைபடாமல் வேறென்ன நடக்கும்? கார் கியர் பாக்ஸில் இருப்பதுபோல வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையம் இதில் இல்லை. பல்லும் பள்ளமும் நேரடியாக ஒன்றில் ஒன்று நுழைந்தாக வேண்டும். எனவே சத்தம் கியர் பாக்ஸிலிருந்து வந்தாலும், அதன் காரணம் எஞ்சினில் இருக்கலாம். என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இதைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒருவர் வண்டியை லேசாக முன்னும் பின்னும் ஆட்ட, லிவரை ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ் என எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். அப்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெல்ட் விடுபடவில்லை என்று பொருள். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால், லிவரைக் கியர் பாக்ஸுடன் இணைக்கும் ஷிஃப்ட் கேபிளின் அளவு, அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட், வளைந்துபோன லிங்கேஜ் ஆகியவற்றைப் பாருங்கள். கியர் பாக்ஸைத் திறப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

ஐட்லிங் ஏறுவதற்கான காரணங்களில் நான் முதலில் தேடுவது, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயைத்தான். மேற்சொன்ன வண்டியிலும் அதுவே. மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிதுபோல இருந்தது. கிளாம்ப்பைத் தளர்த்திக் குழாயை மடக்கியபோது அடிப்புறத்தில் நகத்தளவு நீளத்துக்கு வெடிப்பு வாய் திறந்தது. அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்து ஐட்லிங்கை ஏற்றிக்கொண்டிருந்தது. ஓடும் எஞ்சினில் அந்த இடத்தில் தண்ணீரைப் பூவாகத் தெளித்தால் ஐட்லிங் ஒரு கணம் மாறும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அருகிலேயே சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்ததாக த்ராட்டில் கேபிளில் சிறிதளவேனும் தளர்வு இருக்கிறதா, த்ராட்டில் பாடியின் உதட்டில் கரி படிந்திருக்கிறதா, ஐட்லிங் காற்றுக் கட்டுப்பாட்டு வால்வு உள்ள மாடலானால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐட்லிங் ஏறி இறங்கி ஆடினால் பெட்ரோலையும் பேட்டரியையும் சந்தேகியுங்கள். பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கெட்டுவிடும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு இருப்பதும் இங்கே வாடிக்கைதான்.

நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு: பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் த்ராட்டில் நிறுத்து ஸ்குரூவைத் தொடாதீர்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஸ்குரூவைத் திருகி ஐட்லிங்கைச் சரிசெய்த பழக்கத்தில் பலரும் இங்கேயும் ஸ்குரூடிரைவரை எடுத்துவிடுகிறார்கள். இங்கே அந்த ஸ்குரூ நகர்ந்தால், த்ராட்டில் மூடியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரின் அடிப்படை வோல்ட்டேஜே மாறிவிடுகிறது. அதன் பிறகு ஒரு குறை இரண்டாகி, எது முதலில் வந்தது என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

ஐட்லிங் சரியாக இருந்தும் பெல்ட் விடுபடவில்லை என்றால், சமீபத்தில் பெல்ட் மாற்றினீர்களா என்று கேட்பேன். அளவு குறைந்த பெல்ட், அல்லது தளர்வு சரிபார்க்காமல் பூட்டிய பெல்ட், ஐட்லிங்கிலும் இழுக்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்து முன், பின் என இரு கிளட்சுகளுக்கும் இடையேயான தூரம் மாறியிருந்தாலும் இதே கதைதான். பெல்ட் மூடியைக் கழற்றி எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், பின் சக்கரங்களைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, கையையும் சட்டை நுனியையும் எட்ட வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த பெல்ட் துண்டு பறந்தால் விரலோ கண்ணோ மிஞ்சாது. பூட்டிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஓட்டுபவர்களும் கவனிக்க வேண்டும். வண்டி முற்றிலும் நின்ற பிறகே, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுபட்டு ஐட்லிங் இறங்கிய பிறகே, பிரேக்கை மிதித்தபடி கியரை மாற்றுங்கள். உருளும் வண்டியில் ஹையிலிருந்து ரிவர்ஸுக்கு லிவரை அறைபவர்களின் கியர் பாக்ஸில் பற்களின் விளிம்பு மழுங்கி, பாரம் ஏற்றியதும் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். அப்போதுதான் கியர் பாக்ஸ் உண்மையிலேயே போகிறது. சரிவில் நிறுத்தும்போது முதலில் பார்க்கிங் பிரேக், பிறகு பார்க். ஐட்லிங் ஏறிய வண்டி கியரில் விழுந்தவுடன் தானாகவே முன்னே ஊர்ந்தால், அது சரியாகும் வரை கேட் திறக்கும் வேலைக்கு யாரையும் அதன் முன்னால் அனுப்பாதீர்கள்.