பிள்ளை ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

வயிற்றுவலி, தலைவலி என்று அடிக்கடி லீவு போடும் பிள்ளையை அழைத்து வந்தால், வருகைப் பதிவேட்டையும் எடுத்து வரச் சொல்வேன். பள்ளிகளில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு, பிள்ளை வாய்விட்டுச் சொல்லாததைப் பல நேரம் அந்தப் பதிவேடுதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. பி.டி. பீரியட் உள்ள நாளில் மட்டும் ஆப்சென்ட். இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளைக் காணோம். பிறந்தபோது குறித்த பாலினத்தோடு ஒட்டாமல் தன்னை உணரும் திருநர் மாணவர்கள் படும் கொடுமை பெரும்பாலும் ஆசிரியர் கண் படாத இடத்தில் நடக்கிறது: கழிப்பறை, மைதானம், மாடிப்படி, பஸ்ஸின் கடைசி சீட்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் வந்தது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. பையன்கள் கழிப்பறைக்குப் போனால் கதவின் மேல் ஏறி எட்டிப் பார்ப்பார்களாம். பாட்டில் நிறையத் தண்ணீரோடு வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார் என்று, வழியிலேயே வேலியோரச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போகும். வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு வந்தால் எல்லாத் தலைகளும் அதன் பக்கம் திரும்பும். ஆண்டு விழாவில் புடவை கட்டி ஆடவைத்துக் கைதட்டிய அதே ஆசிரியர்கள், மறுநாள் "ஒழுங்கா ஆம்பளப் பையனா நட" என்றார்கள்.

அந்த அறிவுரைதான் கேலியைவிட ஆழமாகக் காயப்படுத்துகிறது என்பேன். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவரை மாறச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பாலின, பாலியல் சிறுபான்மை இளைஞர்களிடம் தமிழ்நாட்டில் யுனெஸ்கோ நடத்திய ஆய்வில், 60 சதவீதம் பேர் நடுநிலை, உயர்நிலைப் பள்ளியில் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பள்ளியில் புகார் செய்தவர்கள் 18 சதவீதம் பேர்தான். சொன்னால் தன் மேலேயே பழி திரும்பும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் பள்ளி செய்யும் முதல் காரியம் பெற்றோருக்குப் போன் போடுவது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் அதுவரை தெரியாத ஒன்றைத் தலைமையாசிரியர் அறையில் போட்டு உடைத்தால், அன்று ராத்திரி அடி விழும். மறுவாரம் டி.சி. கேட்டு வருவார்கள். சில பிள்ளைகள் வீட்டை விட்டே கிளம்பிவிடும். கேலி, அடிதடி பற்றிப் பெற்றோரிடம் பேசலாம். தான் யார் என்பதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையின் முடிவுக்கு விடுங்கள். பாலியல் சீண்டல் நடந்திருந்தால் மட்டும் கதை வேறு. பதினெட்டு வயதுக்குட்பட்ட எந்தப் பாலினப் பிள்ளைக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்த பிறகு புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்.

பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் கேட்பது, "மாத்திரை கொடுத்துச் சரி பண்ணிடலாமா டாக்டர்?" திருநராக இருப்பது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை தருவதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்திருக்கிறது.

பெண்ணாகப் பதிவாகி, தன்னை ஆணாக உணரும் திருநம்பிப் பிள்ளைகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை. சின்ன வயதில் "ஆம்பளப் புள்ள மாதிரி சுட்டி" என்று கொஞ்சுவார்கள். வயதுக்கு வந்ததும் ரெட்டைச் சடையும் துப்பட்டாவும் கட்டாயம். பள்ளியை நிறுத்திக் கல்யாணப் பேச்சைத் தொடங்கும் வீடுகளும் உண்டு.

2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிக் கல்வியும் விளையாட்டு வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாக விழிப்புணர்வு தரவும், எந்தப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறைகள் அமைக்கவும் வழிகாட்டினார். அதே ஆண்டு மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்காக ஒரு நல்ல பயிற்சிக் கையேட்டை வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கட்டடம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதித்தால் அன்றைக்கே பாதிப் பிரச்சினை குறையும். இடைவேளையில் அந்தப் பக்கம் ஓர் ஆசிரியர் நடந்தாலே போதும். முடியை வெட்டு என்று பிரேயரில் நிறுத்தி மானத்தை வாங்காதீர்கள். பிள்ளை விரும்பும் பெயர் எது என்று தனியாகக் கேளுங்கள். வகுப்பில் அப்படிக் கூப்பிடலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உதவிக்கு 1098 குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பாதிக்கப்பட்ட பிள்ளைதான் பேசவேண்டும் என்றில்லை. பக்கத்து பெஞ்சுத் தோழி பேசலாம், பார்த்துக்கொண்டிருக்கும் ஆயாம்மாவோ வாட்ச்மேன் அண்ணனோகூடப் பேசலாம்.